அம்மாவின் பட்டுச் சீலையில் வைன் கறை

கேள்வி: போன சனிக்கிழமை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் சிநேகிதியின் ரிசப்ஷன். அம்மாவின் சந்தனக் கலர்ப் பட்டுச் சீலையை உடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பொருத்தமாகப் பிளவுஸ் தைக்கத் தையல்கார அக்காவிடம் மூன்று தரம் நடந்தேன். அங்கே யாரோ கை தட்டி, கொய்யகத்தில் ரெட் வைன் கொட்டிவிட்டது. நான் குடிப்பதில்லை. உடனே உப்புப் போட்டேன். வீட்டுக்கு வந்து கட்டிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், சிவப்பு நீலமாகிவிட்டது. பிளீச் போடலாமா? அம்மாவுக்கு இரண்டு வருஷமாகக் கண் மங்கல், அதனால் கொஞ்சம் வெளுத்தாலே போதும், கண்டுபிடிக்கமாட்டா. அலுமாரியில் திருப்பி வைத்துவிடுவேன்.
- வாசகி, உவர்மலை

பதில்: பிள்ளை, முதலில் அந்தப் பிளீச் போத்தலைக் கீழே வையும். பட்டும் நம் தலைமயிர் மாதிரி ஒரு புரதம்தான். குளோரின் பிளீச் பட்டால் மஞ்சளாகும், பிறகு இழை இற்றுப்போகும். கறை இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும்.

கலியாண மாதம் வந்தால் இந்தக் கறைக் கடிதம் எனக்கு வரும், தையிலும் வரும், ஆவணியிலும் வரும், எல்லாரும் குடிக்கவில்லை என்றுதான் எழுதுவார்கள். நீர் குடித்தீரா என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. இரண்டு வருஷமாக அம்மாவுக்குக் கண் மங்கல் என்று பிளீச்சுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீரே, அந்த இரண்டு வருஷத்தில் அவவை எத்தனை தரம் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனீர்? பிளவுஸுக்கு மூன்று தரம் நடந்ததை எண்ணி எழுதியிருக்கிறீர். கிளினிக்குக்குப் போயிருந்தால் அதையும் எழுதியிருப்பீர். ஒரு தரமும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கமாட்டேன். வீட்டில் ஒரு தாயின் கண் மங்கிக்கொண்டு வருவது எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கும். அரிசியில் கல் பொறுக்கச் சுளகைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வருவா, ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிடுவா, மீன் முள்ளுக்குப் பயந்து மீனையே குறைத்துக்கொள்வா, நாங்களும் வயசு போனால் அப்படித்தான் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அதுவே பெரிய பிழை. நீர் அதற்கும் மேலே போய் அவவின் மங்கல் கண்ணை உமக்கு வசதியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர். பெற்ற பிள்ளை செய்கிற வேலையா இது?

சரி, சீலைக்கு வருவோம். அது அவவின் சொத்து, ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டியது உமது பொறுப்பு.

நீலமாகியது புதுக் கறை இல்லை, பழைய கறைதான். சிவப்பு வைனின் நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்ற சாயம். நாவற்பழத்திலும் சங்குப்பூவிலும் இருப்பதும் அந்த வகைதான். சங்குப்பூத் தேநீரில் தேசிக்காய் பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்த்திருப்பீர். புளிப்புப் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகும். கட்டிச் சவர்க்காரம் காரம், அதுதான் நடந்தது. போதாததற்குத் தேய்த்தும் இருக்கிறீர். பட்டைத் தேய்த்தால் கறை இழைக்குள்ளே இறங்கும், மினுக்கமும் போகும். உப்பு, கறை ஈரமாக இருக்கும்போது மேலே நிற்பதைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான், அது நிறத்தை எடுக்காது. சரிகைக் கரையில் ஒட்டியிருந்தால் சரிகையைக் கறுக்கப் பண்ணும். இன்னும் உதறாவிட்டால் இப்போதே உதறும்.

அப்புறம் இப்படிச் செய்யும். சீலையின் உள்பக்கத்தில் மறைவான ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாரும், பட்டின் சாயம் இளகுகிறதா என்று. இளகினால் அதோடு நிறுத்தும். இளகாவிட்டால், வெள்ளை வினாகிரி ஒரு கரண்டிக்குப் பச்சைத்தண்ணீர் நாலு கரண்டி கலந்து, கறைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, மேலே இன்னொரு துணியை அதில் நனைத்து ஒற்றி ஒற்றி எடும். நீலம் திரும்பச் சிவக்கும், பயப்படவேண்டாம், சிவந்த பிறகு அது கீழ்த் துணிக்கு இறங்கத் தொடங்கும். துணியை இடம் மாற்றி மாற்றி வையும், இல்லாவிட்டால் எடுத்த கறையையே திருப்பிக் கொடுப்பீர். சரிகையில் வினாகிரி படக்கூடாது. பிறகு பச்சைத்தண்ணீரால் ஒற்றி அலசும், உம்முடைய கிணறு சவர்த் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் எடும். நிழலில் காயவையும். எக்காரணம் கொண்டும் அயன் பண்ணாதேயும், சூடு பட்டால் மிச்சக் கறை நிலைத்துவிடும்.

இதற்கு மேல் வீட்டில் கை வைக்காமல் டிரைகிளீனிங் கொடுக்கவேண்டியதுதான். கொடுக்கும்போது வைன், உப்பு, சவர்க்காரம், வினாகிரி என்று போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லும், அவர்கள் எந்த மருந்தைப் போடுவது என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அதற்குப் பிறகும் ஒரு நிழல் மாதிரி மிஞ்சலாம். கொய்யகத்தில் என்றபடியால் மடிப்பின் உள்ளே தள்ளி உடுக்க முடியும்.

(வெள்ளைப் பருத்தி உடுப்பில் கொட்டியவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். துணியை ஒரு சட்டியின் மேல் இழுத்துக் கட்டி, கொதிக்கிற தண்ணீரை உயரத்தில் இருந்து ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு போதாது, தளதளவென்று கொதிக்கவேண்டும். மிச்சத்துக்கு மருந்துக்கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்கி, கோப்பை கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து தடவும். பட்டில் இரண்டையும் நினைக்கவே கூடாது.)

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். கண்டுபிடிக்கமாட்டா என்கிறீர். பட்டுச் சீலையை அவ மடிக்கும்போது ஒரு தரம் பக்கத்தில் இருந்து பாரும். கரையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு முனையில் இருந்து மற்ற முனை வரைக்கும் ஓடவிடுவா, ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் நீவிவிடுவா. சவர்க்காரமும் உப்பும் காய்ந்து மொரமொரத்த இடத்தில் அந்தக் கை நிற்கும். நின்றுவிட்டு உம்மிடம் ஒன்றும் கேட்கமாட்டா, மடித்துப் பூச்சி உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மகள் ஏன் சொல்லவில்லை என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பா. எனக்குச் சீலை போனதைவிட அதுதான் தாங்காது.

ஆகவே டிரைகிளீனிங் கொடுக்க முதல் சீலையை அவவின் மடியில் வைத்து, கறை இருக்கிற இடத்தில் அவவின் விரலை வைத்து, நடந்ததைச் சொல்லும். வைன் என்றே சொல்லும். ஏசினால் ஏச்சு வாங்கும்.

கண் விஷயம் இந்தக் கிழமையே நடக்கவேண்டும். என்ன வருத்தம் என்று டொக்டர்தான் சொல்லவேண்டும், ஆனால் இந்த வயதில் அநேகமாகக் கண்புரையாக இருக்கும். கண்ணின் வில்லை கலங்கிப்போவதுதான் அது, சொட்டு மருந்தால் தெளியாது, சத்திரசிகிச்சை செய்து புது வில்லை வைத்தால் தெளியும். பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை, பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு எடுப்பதில்லை. புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய காலத்துக் கதை. அளவுக்கு மிஞ்சி முற்றவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இருக்கிற பார்வையும் போகலாம்.

நம்பர் எடுக்க வெள்ளெனப் போகவேண்டும், நீரே கூட்டிக்கொண்டு போம். கண்ணின் உட்பக்கத்தைச் சோதிக்கக் கண்ணுக்குத் துளி விடுவார்கள், அதற்குப் பிறகு சில மணித்தியாலம் வெளிச்சம் கூசும், அவவைத் தனியே பஸ்ஸில் அனுப்பாதேயும். சீனி வருத்தம், பிரஷர் இருந்தால் அந்தக் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போம்.