படத்தில் விழுந்த மழைத்துளியை நீக்கும் ஆப்புக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: அண்ணா, அக்காவின் கல்யாணம் ஹட்டனில் நடந்தது. கோயிலை விட்டு வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வேனுக்குள் இருந்தபடியே கண்ணாடி வழியாக எடுத்த படங்களில் எல்லாம் ஒரே துளி. ஏஐ வைத்துத் துளியை நீக்கும் ஆப் ஒன்று வருடச் சந்தா கேட்கிறது. கட்டலாமா? (வாசகி, கொட்டகலை)

பதில்: வருடத்துக்குக் கட்டவே வேண்டாம் தங்கச்சி. அந்த ஆப் துளிக்குப் பின்னால் மறைந்திருப்பதைத் தோண்டி எடுத்துத் தருவதில்லை, ஊகித்து வரைகிறது. 2018இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே காட்சியைச் சுத்தமான கண்ணாடி வழியாக ஒரு தடவை, தண்ணீர் தெளித்த கண்ணாடி வழியாக இன்னொரு தடவை என்று 1119 சோடிப் படங்கள் எடுத்து, அவற்றைக் காட்டித்தான் கணினிக்குப் பழக்கினார்கள். துளி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கும், அப்புறம் சுற்றியுள்ளதைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பும். பின்னால் தேயிலை மலையோ மேகமோ இருந்தால் பிரச்சினை இல்லை, நமக்கு வித்தியாசமே தெரியாது. துளி அக்காவின் கண்மேல் விழுந்திருந்தால்தான் வம்பு: அழகான ஒரு கண் வரும், ஆனால் அது அக்காவின் கண்ணாக இருக்காது. தாலிக்கொடி, சேலைக்கரை வேலைப்பாடு எல்லாம் இதே கதைதான்.

அதனால் இலவசமாகப் பார்க்கவிடும் ஆப் என்றால், இருப்பதிலேயே மோசமான படத்தைப் போட்டு, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளம்பரத்தில் காட்டும் படம் எப்போதும் சுலபமான படம்தான். சில ஆப்கள் விழுகிற மழையின் கோடுகளை மட்டும் நீக்கும், கண்ணாடியில் ஒட்டிய துளி அவற்றுக்குப் பிடிபடாது. வாட்ஸ்அப்பில் வந்த பிரதியைப் போடாதீர்கள், போனில் உள்ள மூலப் படத்தையே போடுங்கள். அதே நேரம் பக்கத்தில் நின்று வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அவர்கள் படத்தில் உள்ள முகத்தை ஸ்டூடியோவில் வெட்டி உங்கள் படத்தில் ஒட்டினால், அது நிஜ முகம்.

காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் முடியுங்கள். டொலரில் அறவிடுவார்களா என்றும் பாருங்கள். போனில் இருந்து ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது (நிறையப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்), பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய், அடுத்த தவணைக்கு முன்பே ரத்துச் செய்யுங்கள்.