விடியற்காலை வயிற்றுவலியும் சொருகும் இமையும்

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஏழு வயது மகளைத் திருமயம் பக்கம் மாமனார் ஊருக்கு அழைத்துப் போகிறோம். ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி, நாய்க்குட்டி என்றால் அவளுக்கு உயிர். எனக்கோ பயம். பல்லி, அரணை, ஓணான், பூரான், சாரைப்பாம்பு என்று இணையத்தில் படித்துப் படித்துத் தூக்கமே போய்விட்டது. அங்கே எல்லோரும் தரையில்தான் படுப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அதே தெருவில் ஒரு பையன் இரவு நன்றாகப் படுத்தானாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவன் மதியத்துக்குள் இறந்துவிட்டானாம். உடம்பில் கடித்த தடமே இல்லை, காத்துக்கருப்பு வேலை என்கிறார்கள். முன்னெச்சரிக்கையாக விஷக்கடி மாத்திரை, கட்டுவதற்கு ரப்பர் பட்டை, சிறியாநங்கைப் பொடி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். இவை போதுமா டாக்டர்? – வாசகி, சென்னை

பதில்: அந்தப் பையனைக் கடித்தது பெரும்பாலும் கட்டுவிரியனாகத்தான் இருக்கும். நேரில் பார்க்காத ஒரு மரணத்துக்கு இப்படிக் காரணம் சொல்லக் கூடாதுதான். ஆனால் தரைப் படுக்கை, விடியலில் வயிற்றுவலி, தடம் இல்லாத உடம்பு, சில மணி நேரத்தில் மரணம் என்று வரிசையாகக் கேட்டால், கிராமப்புற மருத்துவமனையில் வேலை பார்த்த எந்த மருத்துவரும் முதலில் அதைத்தான் நினைப்பார்.

கட்டுவிரியன் பகலில் சோம்பேறிப் பாம்பு. சீண்டினால்கூடச் சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளப் பார்க்கும். இருட்டிய பிறகு அது வேறு பாம்பு. எலி, பல்லி, தவளை, சின்னப் பாம்புகள் என்று இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கை கால் மேலே பட்டால் கடித்துவிடும். அதன் பற்கள் மிகச் சிறியவை. வலி இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் வருவதில்லை. பாதிப் பேர் கொசு கடித்தது என்று சொறிந்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிறார்கள். தூக்கம் கலையாதவர்களும் உண்டு. ஆகவே தடம் இல்லை என்பதை வைத்துக் கடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த சில மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கும். வாந்தி வரலாம். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ராத்திரி சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓம வாட்டர் கொடுப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கேஸ் மாத்திரை கொடுப்பார். இப்படி வீணாகிற நேரத்தில் விஷம் நரம்பு முனைகளை அழித்துக்கொண்டிருக்கும்.

எனவே உங்கள் மாத்திரைகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்த ஒருவர் நள்ளிரவிலோ விடியலிலோ காரணம் தெரியாத வயிற்றுவலியோடு எழுந்தால், விளக்கைப் போட்டு அவருடைய கண் இமைகளைப் பாருங்கள். இமை சொருகுகிறதா? “மோட்டுவளையைப் பார்” என்றால் இமையைத் தூக்க முடியாமல் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிறாரா? தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தூக்கக் கலக்கம் முகம் கழுவினால் போய்விடும், இது போகாது, நேரம் ஆக ஆக இறங்கும். அடுத்து எச்சில் விழுங்கச் சிரமம், குழறும் பேச்சு, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை, கடைசியில் மூச்சு. இமை சொருகிய கணத்திலேயே 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை என்றால், தரையில் படுத்து எழுந்த வயிற்றுவலிக்கு இமை இறங்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நிம்மதியாகத் திரும்பி வாருங்கள், அதில் என்ன நஷ்டம்?

மருத்துவமனையில் போய் “வயிற்றுவலி” என்று மட்டும் சொல்லாதீர்கள். “தரையில் படுத்திருந்தாள், கட்டுவிரியன் கடித்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று. பாம்புக்கடிக்கு வழக்கமாக ஒரு பரிசோதனை செய்வார்கள். சோதனைக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால்தான் அதில் கோளாறு தெரியும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது, ரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும். “டெஸ்ட் நார்மல், வீட்டுக்குப் போங்கள்” என்று எங்காவது சொன்னால், குழந்தையை 24 மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுப்பது. ஒரே மருந்து என்பதால் எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்க யாரும் கம்பை எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். அடித்த பாம்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்து மேசையில் கொட்டவும் வேண்டாம். அப்புறம், குழந்தை சின்னது, பாதி மருந்து போதும் என்று உறவினர் யாராவது யோசனை சொல்வார். கடித்த பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவு மருந்துதான்.

மருந்தை ஏன் சீக்கிரம் போட வேண்டும் என்றால், ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தை மட்டும்தான் அதனால் பிடிக்க முடியும். நரம்பு முனையில் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்ட விஷத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த முனைகள் தாமாகவே மறுபடி வளர வேண்டும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு விடும். சில நாள் ஆகலாம், சிலருக்கு வாரக்கணக்கிலும் ஆகும். அந்த நாட்களில் நோயாளி கண் திறக்க மாட்டார், விரலைக்கூட அசைக்க மாட்டார். பார்ப்பவர்கள் மூளைச்சாவு என்றே நினைத்துவிடுவார்கள். ஆனால் அவருக்குக் காது கேட்கும், பெரும்பாலும் நினைவும் இருக்கும். கட்டிலைச் சுற்றி நின்று ஒப்பாரி வைப்பதையும், வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாமா என்று பேசுவதையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தால் இவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். அதனால், இமை சொருகிவிட்டால் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனை. உங்களுக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருந்தால் முதலில் அங்கே நிறுத்தித் தொடங்கிவிட்டுப் போகலாம். வண்டியில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், ஊதிக்கொண்டே போங்கள்.

சரி, உங்கள் மருந்துப் பைக்கு வருவோம். ரப்பர் பட்டையைத் தூக்கிப் போடுங்கள். இறுகக் கட்டினால் விஷம் நிற்காது, ரத்த ஓட்டம்தான் நிற்கும். கட்டிய கால் கறுத்துப்போய் வந்தவர்கள் உண்டு. கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு நிற்கட்டும். விஷக்கடி மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லை. சிறியாநங்கை விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். கசந்தால் விஷம் இல்லை, இனித்தால் விஷம் என்று மென்று பார்க்கச் சொல்கிறார்கள். கட்டுவிரியன் கடித்தவருக்கு விழுங்கும் தசை செயலிழந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பொடியோ இலையோ தண்ணீரோ வாயில் போட்டால் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒன்றும் கொடுக்காதீர்கள்.

இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கொசுவலை வாங்குங்கள். நான் சும்மா சொல்லவில்லை. நேபாளத்தின் தராய் சமவெளியில் ஆராய்ந்து பார்த்து, கொசுவலைக்குள் படுப்பவர்களைப் பாம்பு கடிப்பது குறைவு என்று கண்டிருக்கிறார்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. கயிற்றுக் கட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. இரவில் ஒன்றுக்குப் போக எழுந்தால் டார்ச். நெல் மூட்டை அடுக்கிய அறையில் படுக்க வேண்டாம், அங்கே எலி வரும், பின்னாலேயே பாம்பும் வரும். வீட்டைச் சுற்றிப் பூண்டு போடுவது, ஃபினாயில் தெளிப்பது எதற்கும் பாம்பு பயப்படாது.

மற்ற பட்டியல்: பல்லி விஷம் இல்லை. அரணை கடித்தால் மரணம் என்பது எதுகைக்காகச் சொன்னது, அது பாவம் மனிதரைக் கண்டால் ஓடிவிடும். ஓணான் ரத்தம் குடிக்காது. சாரை விஷமற்றது, வாலால் அடித்தால் உடம்பு அழுகும் என்பதெல்லாம் கட்டுக்கதை. வயலில் எலி தின்று உங்கள் மாமனாருக்கு உதவுகிற பாம்பு அது. பூரான் கடி வலிக்கும், அவ்வளவுதான். தேள் கொட்டி, குழந்தைக்கு வியர்த்துக் கொட்டினாலோ வாந்தி எடுத்தாலோ கை கால் சில்லிட்டாலோ மட்டும் உடனே மருத்துவமனை.

மகளை ஆட்டுக்குட்டியோடு விளையாட விடுங்கள். விராலிமலைக்குக் கூட்டிப் போய் மயில் காட்டுங்கள். கன்றுக்குட்டியைத் தடவட்டும், ஆனால் ஈன்ற பசு பக்கத்தில் நின்றால் வேண்டாம், உதைக்கும். பால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நாய்க்குட்டியோடும் விளையாடலாம். பல்லோ நகமோ தோலில் பட்டுக் கீறினால், ரத்தம் வராவிட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள். குட்டிதானே, வீட்டு நாய்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை, அதையும் கேட்டு வாங்குங்கள். மீதி ஊசிகளைச் சென்னைக்குத் திரும்பிய பிறகும் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.