நாய்க்குட்டியின் பார்வோ நமக்கு ஏன் வருவதில்லை?

வணக்கம் ஐயா,

திருமங்கலத்தில் இருக்கிறோம். போன மாதம் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினோம். வந்த வாரமே வாந்தியும் ரத்தக்கழிச்சலுமாகி இறந்துபோய்விட்டது. மாட்டாஸ்பத்திரியில் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். என் மகள் குட்டியை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள், பிள்ளைக்கும் தொத்திக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு அத்தை பயமுறுத்துகிறார். செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் ஒட்டித்தான் வைரஸ் உள்ளே போகும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அந்த ஏற்பி மனிதருக்கு இல்லாததால்தான் பார்வோ நமக்கு வருவதில்லையா? அப்படியானால் நாய்க்கு அதை மருந்தால் அடைத்துவிட முடியாதா?

கார்த்திகா, திருமங்கலம்

அன்புள்ள கார்த்திகா,

முதலில் மகள் விஷயம். பயப்படாதீர்கள், நாய்ப் பார்வோ மனிதருக்கு நோய் தருவதில்லை. பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்து காய்ச்சல் வரவைக்கும் பார்வோ பி19 வேறு வைரஸ், அது நாயிடமிருந்து வருவதில்லை. குட்டி கடித்தோ பிறாண்டியோ இருந்தால் மட்டும், பார்வோவை மறந்துவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்கு இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. அந்த ஏற்பி நமக்கும் இருக்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்தைச் சுமந்து திரியும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைப் பிடித்து உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை, வைரஸுக்காக யாரும் அதை அங்கே வைக்கவில்லை. வேகமாகப் பெருகும் செல்லுக்கு இரும்பு அதிகம் வேண்டும், அதனால் அதன் மேல் இந்த ஏற்பியும் அதிகம். பார்வோவோ சுமார் 26 நானோமீட்டர் அளவுள்ள பொடிசு. தன் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிகூட அதனிடம் கிடையாது, பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் போனால்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட செல்கள் எங்கே நிறைய? குடலின் உள்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும். குடல்சுவர் உரிந்து ரத்தமாகப் போவது அதனால்தான். அதே நேரத்தில் மஜ்ஜையும் அடிவாங்கி வெள்ளையணுக்கள் சரிய, குடலில் சும்மா கிடந்த பாக்டீரியா ரத்தத்தில் ஏறிவிடும். உங்கள் குட்டி அத்தனை சீக்கிரம் போனதில் ஆச்சரியமே இல்லை.

சரி, நமக்கு ஏன் வருவதில்லை? 2001-ல் வந்த ஓர் ஆய்வில், இந்த வைரஸ் மனித டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியையும் பிடித்துச் செல்லுக்குள் நுழைந்ததைக் காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் வளரும் செல்லில்தான், ஆனாலும் நுழைந்தது. ஒட்டுவது முதல் படி, அவ்வளவுதான். அப்புறம் தன்னை விழுங்கிய பையிலிருந்து வெளியேற வேண்டும், செல்லின் உட்கருவுக்குப் போக வேண்டும், நகலெடுக்க வேண்டும், அதற்கு முன்பே உடலின் எதிர்ப்புச் சக்தியிடமும் தப்ப வேண்டும். ஏற்பி இருந்தால் நோய் வரும், இல்லாவிட்டால் வராது என்று பாடத்தில் ஒரே வரியில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நாய் விஷயத்தில் ஒட்டும் அந்த முதல் படிதான் தடையாக இருந்தது. பூனைகளுக்குப் பழைய பார்வோ ஒன்று உண்டு. நாயின் ஏற்பியில் கூடுதலாக ஒரு சர்க்கரைச் சங்கிலி துருத்திக்கொண்டிருப்பதால் பூனை வைரஸால் அதில் ஒட்ட முடியவில்லை. பூனை வைரஸோ அதன் நெருங்கிய உறவோ, தன் வெளி ஓட்டுப் புரதத்தில் சில அமினோ அமிலங்கள் மட்டும் மாறி, அந்தத் தடையைத் தாண்டிவிட்டது. அதுதான் நாய்ப் பார்வோ. 1978-ல் நாய்களிடம் கண்டுபிடித்தார்கள், இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அடைத்துவிடலாமே என்று கேட்டீர்கள், நல்ல கேள்வி. எச்ஐவியில் அப்படிச் செய்தார்கள். சிசிஆர்5 என்ற ஏற்பியை அடைக்கும் மாராவிராக் என்ற மருந்து 2007-ல் வந்தது. பிறவியிலேயே அந்த ஏற்பி இல்லாதவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அதனால் அடைக்கத் துணிய முடிந்தது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை அடைத்தால் குட்டிக்கு இரும்பே போகாது. ஆகவே வைரஸின் பக்கத்தைத்தான் மறிக்க வேண்டும், அதற்குத்தான் தடுப்பூசி. அதில் உருவாகும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் வைரஸின் மேல் போய் அப்பிக்கொண்டு, ஏற்பியைத் தொட விடாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாயின் சீம்பாலில் வந்த ஆன்டிபாடி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அதுவே மடக்கிவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள். விற்கிறவர் "ஊசி போட்டாச்சுங்க" என்றால் எத்தனை ஊசி, எந்த வயதில் என்று கேளுங்கள்.

அடுத்த குட்டி வாங்குவதற்கு முன் வீட்டையும் பாருங்கள். பினாயில் ஊற்றிக் கழுவினால் பார்வோ சாகாது. இதற்குக் கொழுப்புறை கிடையாது, சோப்பும் பெரிதாக ஒன்றும் செய்யாது. சிமெண்டுத் தரை என்றால் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். மண் தரையில் அது எடுபடாது, வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். வீட்டு வாசல் மண்ணாக இருந்தால் எல்லா ஊசியும் முடித்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.