சரித்திர நாவல் படிக்கப் பழைய தமிழ்ச் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

சரித்திர நாவலை எடுத்தால் பாதிச் சொல் புரியவில்லை, அகராதியோடு உட்கார வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் ஐம்பது பக்கத்துக்காவது வேண்டாம். பொன்னியின் செல்வனே 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதைதான். பண்டிதர்களுக்கென்று எழுதியதல்ல.

தெரியாத சொல்லால் பெரிய ஆபத்து இல்லை. ஒருவன் புரவி மேல் தாவி ஏறி அதைத் தட்டிவிட்டால் அது குதிரை என்று தானே தெரிந்துவிடும். நம்மைக் கவிழ்ப்பது தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான்.

அந்த நாவலில் திருப்புறம்பியம் பள்ளிப்படை என்று வரும். நான் முதல் தடவை படித்தபோது ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரட்டிய படை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் எல்லாம் நாம் தினமும் சொல்கிற வார்த்தைகள். அந்தப் பள்ளிதான் இது, துயில்கிற இடம். இறந்த அரசனின் உடலையோ அஸ்தியையோ வைத்து அதன் மேல் எழுப்பிய கோயில் பள்ளிப்படை. நள்ளிரவில் சதிகாரர்கள் அங்கே கூடுகிறார்கள் என்பதன் திகில் எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது.

நாழிகையும் அப்படித்தான். மணி நேரம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன், 24 நிமிடம்தான். 'இரண்டு நாழிகையில் வருகிறேன்' என்று போனவன் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவான். ஜாமம் என்றால் மூன்று மணி நேரம்.

அதனால் சந்தேகம் வந்த சொல்லுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்றாவது முறை எதிர்ப்பட்டால் மட்டும் தேடுங்கள். க்ரியா அகராதி தற்காலத் தமிழுக்கானது, இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்தான் சரி. இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் கொடுத்து மிரட்டும். ஒவ்வொன்றாக அந்த வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் ஒன்று கச்சிதமாக உட்காரும்.

அப்புறம், சேர்ந்து நிற்கும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கற்றளி என்பது கல் + தளி. தளி என்றால் கோயில் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் எந்த ஊர்த் தளி வந்தாலும் தடுக்காது. ஆபத்துதவிகள் யார் என்று பெயரே சொல்லிவிடுகிறது, அரசனுக்கு ஆபத்தில் உதவ உயிரையும் கொடுக்கச் சபதம் செய்தவர்கள்.

வர்ணனையில் வரிசையாக வரும் பூப்பெயர்களுக்கு மட்டும் நான் புள்ளி வைப்பதில்லை. இன்றைக்கும் தாண்டித்தான் போகிறேன்.