காட்டுச் சேற்றில் 25 கிலோமீட்டர்: கிள்ளான் வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 41. கிள்ளானில் இருக்கிறேன். தார்ச்சாலையில் நான்கு அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். கடைசியாக ஓடியது 2 மணி 20 நிமிடம். இன்னும் மூன்று மாதத்தில் வரும் 25 கிலோமீட்டர் காட்டு ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மொத்த ஏற்றம் 1,200 மீட்டர், நேர வரம்பு 8 மணி. பயிற்சிக்காகப் போன வாரம் குனோங் நுவாங் மலைக்குப் போனேன். முதல் நாள் இரவு நல்ல மழை. ஐந்து தடவை வழுக்கி விழுந்தேன், ஒரு ஷூ சேற்றுக்குள்ளேயே கழன்றுவிட்டது, பாதி வழியில் திரும்பிவிட்டேன். எந்த ஷூ வாங்குவது? சேற்றில் எப்படி ஓடுவது? எனக்கு நீரிழிவு இருக்கிறது, மாத்திரை எடுக்கிறேன். இந்த ஓட்டத்துக்கு நான் போகலாமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு மறுநாள் நுவாங்கில் பாதியில் திரும்பியது சரியான முடிவு. அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று அது. பங்சுன் அடிவாரத்திலிருந்து கெம் லோலோ முகாம் வரை போகும் நீண்ட மண்சாலை முதலில் பொறுமையைச் சோதிக்கும். அதற்குப் பிறகு கெம் பாச்சாட் முகாமை நோக்கி வேரும் களியுமாக நிமிர்ந்து நிற்கும் ஏற்றம் தொடையைச் சோதிக்கும். சாலையில் மட்டுமே ஓடிப் பழகியவர் அந்தக் களியில் ஐந்து தடவை விழுவது இயல்பு.

உங்கள் கேள்வி ஷூவில் தொடங்குகிறது. நான் கடிகாரத்தில் தொடங்குகிறேன். நீங்கள் சாலையில் ஒரு கிலோமீட்டரை ஏறக்குறைய 6 நிமிடம் 40 விநாடியில் கடக்கிறீர்கள். இந்தக் கணக்கைக் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். சேறு படிந்த செங்குத்தான ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 20, 25 நிமிடம் ஆகும். அது மோசமான வேகமல்ல. சமதளத்தில்கூட முழங்கால் சேறு வந்தால் 12 நிமிடத்துக்குக் குறையாது. நீங்கள் சொல்லும் தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் 6 முதல் 7 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு 8 மணி என்பதால் கையில் இருப்பது ஒரு மணி நேரம்தான். தண்ணீர், சாப்பாடு, விளக்கு, காலுறை, மருந்து எல்லாவற்றையும் ஏழு மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள். ‘25 கிலோமீட்டர்தானே, அரை மாரத்தானைவிட நாலு கிலோமீட்டர் கூட’ என்று கிளம்புகிறவர்கள்தான் பதினைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் இதைப் பார்க்கிறேன்.

பயிற்சியையும் மணிக்கணக்கில் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் காட்டில் மூன்று மணி நேரம் இருந்து பழகுங்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து மணிக்கு உயர்த்துங்கள். நடப்பதும் ஓடுவதும் கலந்து இருக்கட்டும். வார நாட்களில் பெட்டாலிங் ஜெயாவின் புக்கிட் காசிங் போதும். குட்டை மலைதான், ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகத் தோதான இடம். வேண்டுமென்றே மழைக்கு மறுநாள் காலையில் போங்கள். நுவாங்கை ஓட்டத்துக்கு நான்கு வாரம் முன்பு, துணையோடு, அனுமதி முறைகளைப் பார்த்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள்.

இப்போது ஷூ. காட்டுச் சேற்றுக்கு அடிப்பாகப் பற்கள் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பற்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். நெருக்கமான பற்களில் களி அப்பிக்கொண்டால் பத்து அடியில் அடிப்பாகம் வழவழப்பாகிவிடும். மெத்தை உயரமான ஷூ சாலைக்கு நல்லது, வேர்களுக்கு நடுவே கணுக்காலைப் புரட்டிவிடும். நீர் புகாத ஷூ என்று விற்பதை வாங்காதீர்கள். முதல் ஓடையிலேயே தண்ணீர் மேல்வழியாக இறங்கி, வெளியேற வழியில்லாமல் வாளி மாதிரி தேங்கி நிற்கும். வலைத்துணி ஷூ நனைந்தாலும் நாலு எட்டில் தண்ணீரைத் துப்பிவிடும்.

அடிடாஸ் கம்போங் போடலாமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும், எல்லாரும் கேட்கிறார்கள். ஒரே வார்ப்பாக வரும் அந்தக் கறுப்பு ரப்பர் ஷூ பால்மரம் சீவப் போனவர்களின் ஷூ. நம் குடும்பங்களில் பலர் அதைப் போட்டுத்தான் ஈரக் காட்டில் வாழ்நாள் முழுவதும் நடந்தார்கள். இன்றும் மலையேற்ற வழிகாட்டிகள் பலர் அதைத்தான் நம்புகிறார்கள். களியை அது கவ்வுவதுபோல் பல விலையுயர்ந்த ஷூக்கள் கவ்வுவதில்லை. ஆனால் அதில் மெத்தை கிடையாது, உள்ளே ரப்பர் உராய்ந்து தோலைக் கிழிக்கும். பாதம் பழகியவர்களுக்கு அது அருமையான ஷூ. நீரிழிவு உள்ள, சாலை ஷூவில் பழகிய உங்கள் பாதத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஷூ கழன்றதற்குக் காரணம் உறிஞ்சல். ஆழமான சேற்றில் காலை நேராக மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகும், சேறு ஷூவைப் பிடித்துக்கொள்ளும். குதிகாலை லேசாகத் திருப்பி, பக்கவாட்டில் காற்று நுழைய விட்டு, குதிகால் முதலில் வருமாறு மெதுவாக எடுங்கள். நாடாவைக் கடைசித் துளை வரை கோத்து, கணுக்காலைச் சுற்றி இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைக் கீழ்வரிசை நாடாவுக்குள் செருகிவிடுங்கள்.

எல்லாச் சேறும் ஒன்றல்ல, இதைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். மிக மோசமானது, கெட்டியான செம்மண்ணின் மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும் பளபளப்பான களி. ஆழமே இருக்காது, அதனால் நம்பிக் காலை வைப்போம். ஷூவின் பல் உள்ளே இறங்க இடமில்லாமல் எண்ணெயில் வைத்ததுபோல் போய்விடும். நீங்கள் விழுந்த ஐந்தில் குறைந்தது நாலு தடவை இந்த வகையாகத்தான் இருக்கும். அங்கே பாதம் முழுவதும் தட்டையாகப் பட வேண்டும், காலடியின் நீளம் பாதியாகக் குறைய வேண்டும். முழங்கால் ஆழச் சேறு பார்க்கப் பயமாக இருந்தாலும் காலை நிறுத்தி வைத்துக்கொள்ளும், வழுக்காது. அதில் அவசரம் மட்டும் கூடாது. மூன்றாவது வகை, முன்னால் போன நூறு பேர் மிதித்துக் குழைத்த பாதை. ஓரத்தில் புல்லில் ஒதுங்கிப் போகத் தோன்றும். தயவுசெய்து நடுவிலேயே போங்கள். ஒதுங்கி ஒதுங்கித்தான் இரண்டடிப் பாதை பத்தடியாகிறது, கன்றுகள் நசுங்குகின்றன, அடுத்த மழைக்கு மண் இன்னும் கரைகிறது. அந்தக் காட்டில் நாம் ஒரு நாள் விருந்தாளிகள்.

ஈர வேரின் மேல் மிதிக்காதீர்கள், தாண்டி வையுங்கள். குறுக்கே சரிந்து கிடக்கும் தோல் உரிந்த வேர்தான் அதிகம் வழுக்கும். பழைய பலகைப் பாலமும் அப்படியே.

இறக்கத்தில் பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது எல்லாரும் செய்வது. பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், குதிகால் முன்னால் ஓடும், உட்கார்ந்துவிடுவீர்கள். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கைகளை அகட்டி, வேகமான சின்ன எட்டு வையுங்கள். வழுக்குவது உறுதி என்று தெரிந்தால் நீங்களாகவே உட்கார்ந்து சறுக்குங்கள், கையை ஊன்றாதீர்கள். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் கையை ஊன்றுவதில்தான். எதையாவது பிடிக்கும் முன் பாருங்கள். நம் காடுகளில் கைக்கெட்டும் உயரத்தில் நிற்பது பெரும்பாலும் ரோத்தான், அதாவது பிரம்பு. அதன் முள் உள்ளங்கையில் ஏறினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. விரல் மறையாத மெல்லிய கையுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் படாத காட்டில் சூடு தெரியாது, அதுதான் ஆபத்து. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலியும் வாந்தியும் குழப்பமும் வரும். உப்புக் கலந்த பானமோ உப்புள்ள உணவோ கூடவே போகட்டும். உணவை நெகிழிப் பையில் வைத்து, கை படாமல் பிதுக்கி வாயில் போடுங்கள். யாராவது தள்ளாடினால், பேச்சுக் குழறினால், அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆள் அனுப்புங்கள். உங்கள் நேரத்தைப் பற்றி அப்போது யோசிக்காதீர்கள்.

பிற்பகல் இடிமழை நம் மலைகளில் வழக்கம். ஓடையைக் கடக்கும் இடத்தில் தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ அது ‘கெப்பாலா ஆயர்’, மலைவெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாமலும் வரும். உடனே மேட்டுக்கு ஏறுங்கள், தண்ணீர் இறங்கும்வரை காத்திருங்கள். நேர வரம்பு தாண்டினால் தாண்டட்டும். தலைவிளக்கும் விசிலும் கட்டாயப் பட்டியலில் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே காலை ஏழு மணிக்கும் காட்டுக்குள் இருட்டுதான். உதவிக்கு அழைக்க, ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

அட்டையைப் பிய்க்க வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், அவ்வளவுதான். உண்மையில் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத கிருமி. 2000ஆம் ஆண்டு சபாவில் ஈகோ சேலஞ்ச் என்ற பந்தயம் நடந்தது. 304 பேர் கலந்துகொண்டார்கள். முடிந்த பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று ஆய்வு கண்டது. முன்கூட்டியே டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை எடுத்தவர்களுக்கு அது பாதுகாப்புத் தந்ததாகவும் தெரிந்தது. அந்த மாத்திரை உங்களுக்கு வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக வாங்காதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது, காயங்களை நீர் புகாத ஒட்டால் மூடுவது, ஓடைத் தண்ணீர் வாயில் போகாமல் பார்ப்பது, முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளிப்பது.

உங்களுக்கு இன்னொரு கிருமியையும் சொல்ல வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நம் ஊர் ஈரமண்ணிலும் சேற்றிலும் இயல்பாகவே வாழ்கிறது. கீறல் வழியாக உள்ளே போகும். ஆரோக்கியமானவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடும், நீரிழிவு உள்ளவர்களைத்தான் கடுமையாகப் பிடிக்கும். ஆகவே நீங்கள் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில் நிபந்தனையோடுதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்து, பாதத்தில் உணர்ச்சி குறையாமல், ஆறாத புண் எதுவும் இல்லாமல் இருந்தால், மருத்துவர் சம்மதத்தோடு போகலாம். பாதம் மரத்திருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தால் இந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். ஷூவுக்குள் கல் குத்துவது தெரியாத காலோடு ஏழு மணி நேரம் சேற்றில் இருப்பதை எந்தப் பதக்கத்துக்காகவும் நான் ஒப்பமாட்டேன்.

மாத்திரையின் பெயரையும் மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்றவை இறக்கிவிடும், அன்றைய அளவை மாற்ற வேண்டிவரலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை உடம்பின் நீரை வெளியேற்றும், நீண்ட ஓட்டத்தில் அதற்கென்று வேறு ஆபத்தும் உண்டு. நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை இறங்கியதற்கான அடையாளங்கள், ஆனால் ஓட்டத்தில் எப்படியும் வியர்த்துக் கொட்டுவதால் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் கருவியால் பாருங்கள். விரலை முதலில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். இனிப்புப் பானம் ஒட்டிய விரல் பொய்க்கணக்குக் காட்டும். குளுக்கோஸ் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

பஞ்சுக் காலுறை வேண்டாம். கிளம்பும் முன் பாதம் முழுக்க வாசலின் தடவுங்கள். நடுவழியில் ஒருமுறை உட்கார்ந்து, காலைக் கழுவித் துடைத்து, உலர்ந்த காலுறை மாற்றுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போகும், உங்கள் கணக்கில் அதையும் சேருங்கள். ஓடும்போது இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். நீர்வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஓட்டம் முடிந்து ஒரு மாதம் வரை உடம்பைக் கவனியுங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தலைகாட்டும். காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி எல்லாம் வரும். கெண்டைக்கால் வலியை ஓடிய களைப்பு என்று விட்டுவிடுவோம், காய்ச்சலை டெங்கி என்று நினைப்போம். அப்படிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், வாய் திறந்ததும் இதைச் சொல்லுங்கள்: “இன்ன தேதியில் காட்டுச் சேற்றிலும் ஓடையிலும் ஏழு மணி நேரம் இருந்தேன், எனக்கு நீரிழிவு இருக்கிறது.”