களைப்புக்கு ‘சத்து சேலைன்’ ஏற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருகோணமலை நகரில் அரச அலுவலகமொன்றில் வேலை. தம்பலகாமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன். காலை நாலரைக்கு எழுந்தால் படுக்கப் பதினொரு மணியாகிவிடும். மூன்று மாதமாக எழும்பும்போதே களைப்பு. அலுவலகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. முடியும் கொட்டுகிறது. மாதம் ஒரு தடவை ‘சத்து சேலைன்’ ஏற்றினால் சரியாகிவிடும் என்று உடன் வேலை செய்யும் அக்கா சொல்கிறார். சத்துமா டின் ஒன்று தருவதாகவும் ஒருவர் வருகிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம்.

அந்த சேலைன் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 சதவீத குளுக்கோஸ் அரை லீற்றரில் இருப்பது 25 கிராம் சீனி. ஐந்தாறு தேக்கரண்டி. வெயிலில் வந்தவருக்கு நம் வீடுகளில் கரைத்துக் கொடுக்கும் தேசிக்காய்த் தண்ணீரிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும்; அதற்கு ஊசி தேவையில்லை. போத்தலில் ஒரு விற்றமின் ஊசியையும் கலப்பார்கள், தண்ணீர் மஞ்சளாகிவிடும். மஞ்சளைக் கண்டதும் நமக்கு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் சிறுநீரும் மஞ்சளாகப் போகும். நீங்கள் கொடுத்த காசு போகும் வழி அதுதான்.

‘ஏற்றியபின் தெம்பாக இருந்ததே’ என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். இருந்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே, யாரும் கூப்பிடாமல், ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தீர்கள் அல்லவா? அதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டும் செய்யலாம். செய்யுங்கள்.

டின் விற்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள். உள்ளங்கையில் ஓர் உலோகக் குழாயைப் பிடிக்கக் கொடுத்து, மடிக்கணினியில் ஈரல், சிறுநீரகம், எலும்பு என்று வரிவரியாக அச்சிட்டுத் தருவார்கள். ஒரு துளி இரத்தம் எடுக்காமல் இரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்று சொல்லிவிடும் குழாய் அது! குழாய் எந்த நோயைச் சொன்னாலும் மருந்து அதே டின்தான். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் பங்கு உண்டு என்ற பேச்சு அடுத்த சந்திப்பில் வரும். பொருளை விற்பதில் அல்லாமல் ஆள் சேர்ப்பதில்தான் வருமானம் என்றால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின்கீழ் இலங்கையில் அது தடை. மத்திய வங்கியும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அலுவலக மேசைகளில் டின் அடுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், விற்பவரும் ஒரு தெரிந்த அக்காதான். அதனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வருவதில்லை. என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் களைப்புக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது இரத்தச்சோகை. மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முதல் கடிதத்தில் யாரும் எழுதுவதில்லை. சுளகில் அரிசி புடைக்கும்போது ஒரு பிடி பச்சையாக வாயில் போடத் தோன்றுகிறதா? அதுவும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். முழு இரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் சீனி, தைரொயிட் ஆகிய மூன்றும் போதும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. அதற்கான காரணத்தைத் தேடுவது வைத்தியர் வேலை.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின்கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996 முதல் இந்த நாட்டில் இருக்கும் சேவை, காசில்லை. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் பார்ப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையை 35 வயதிலும் 45 வயதிலும் செய்யச் சொல்கிறோம். 35இல் தவறவிட்டிருந்தால் இப்போதே செய்துகொள்ளுங்கள். நாளை உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கடைசிப் பிள்ளைக்கு ஊசி போட்டு முடித்ததோடு அவரை மறந்திருப்பீர்கள்.

அந்த நாள் பெரும்பாலும் வாரநாள் காலையாகத்தான் இருக்கும். வேலைக்குப் போகும் பெண் வரவேண்டிய கிளினிக்கை அவள் வேலை நேரத்தில் வைத்திருக்கிறோம். கூட்டங்களில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன்; ஒவ்வொரு முறையும் குறிப்பில் எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே லீவு போடுங்கள். பிள்ளையின் காய்ச்சலுக்கும் மாமியின் கண் கிளினிக்குக்கும் போட்டீர்களே, அதே லீவு.

இரும்புக் குளிசை எழுதித் தந்தால் பிளேன்ரீயுடன் விழுங்க வேண்டாம். தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோற்றுக்கும் தேநீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழியுங்கள், சூடை மீன் கிடைக்கும் நாளில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளாமல் மீனையும் உங்கள் கோப்பையில் போடுங்கள். இரும்புக் குளிசையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தெம்பு வந்ததும் நிறுத்தவும் வேண்டாம். இரத்த அளவு சரியான பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் போட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. நீங்கள் ஏற்கெனவே தைரொயிட் குறைவுக்கான தைரொக்சின் குளிசை போடுபவர் என்றால், அல்லது பரிசோதனைக்குப் பிறகு அதைத் தந்தால், அதையும் இரும்புக் குளிசையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. தைரொக்சின் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குத் தேநீரும் இல்லை, பாணும் இல்லை. இரும்புக் குளிசைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கல்சியக் குளிசைக்கும் அப்படியே. நாலரைக்கு எழும்பும் உங்களுக்கு இது லேசு: எழுந்ததும் தைரொக்சின், பகல் சாப்பாட்டோடு இரும்பு. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுத் தேநீரால் இறக்கிவிட்டு, ‘மருந்து வேலை செய்யவில்லை, அளவைக் கூட்டுங்கள்’ என்று வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அளவைக் கூட்டும் வைத்தியர்களும் இருக்கிறார்கள், எப்படி விழுங்குகிறீர்கள் என்று கேட்காமலேயே.

நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், மணிக்கு ஒரு பாட் நனையுமளவுக்கு இரத்தம் போனால், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். அலுவலகத்துக்கு அறிவிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.