15–20 வருடப் பழைய பந்தோல் சிவப்பு வைனை எப்படித் திறந்து ருசிப்பது?

தென் பிரான்சின் பந்தோல் பகுதிச் சிவப்பு வைனில் குறைந்தது பாதி மூர்வேத்ர் திராட்சை. அதன் கடுந்துவர்ப்பு இளகத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு. படுக்கவைத்த பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கும். பழைய கார்க் உதிரும். திருகு ஏற்றுவதைவிட, பக்கவாட்டில் நுழையும் இரட்டைத் தகடு திறப்பான் பத்திரம். கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து, ஒரே சாய்ப்பில் குடுவைக்கு மெல்ல ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். பரிமாறும்போது வைனின் வெப்பநிலை 16–18 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. அதற்குமேல் ஆல்கஹால் நெடிதான் முந்தும்.

விளிம்பில் செங்கல் நிறம் தெரிவது கோளாறல்ல, வயது. தோல், காளான், உலர் அத்தி வாசனைகளைத் தேடுங்கள். லேசான குதிரைலாய வாடையைப் பலர் ரசிக்கிறார்கள்; நனைந்த அட்டை வாடை என்றால் கார்க் கெடுத்துவிட்டது, காற்றாடவிட்டாலும் போகாது. நல்ல வைனையும் குடுவையில் மணிக்கணக்கில் விடாதீர்கள். பழைய மணம் சீக்கிரம் அடங்கிவிடும்.